எத்தனை மீட்டர் வரை சுடலாம்? தொலைதூர வேட்டைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று நம் பக்கத்தில் எந்த ஊரை எடுத்தாலும், தெருவுக்கு நாலு பிள்ளைகளாவது அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கிறார்கள். கொலராடோ, டெக்சாஸ் மாதிரி இடங்களில் வேலை பார்க்கிறவர்களை, கூட வேலை செய்யும் நண்பர்கள் இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. போவது என்று தீர்மானித்த பிள்ளைகள் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது என்னிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எத்தனை மீட்டர் வரை சுடலாம்? இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. அவரவருக்கான எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது, அதை ஏன் மிருகத்தைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதுவது எதுவும் நம் ஊருக்குப் பொருந்தாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் வேட்டை குற்றம். புள்ளிமான் மட்டுமல்ல, முயலும் அதில் சேர்த்திதான். சிவராத்திரியை ஒட்டி நம் மாவட்டத்தில் சில ஊர்களில் பாரிவேட்டை என்று முயலுக்குப் போவது பழைய வழக்கம், அதற்கும் வனத்துறை வழக்குப் போடுகிறது, போடத்தான் வேண்டும். காட்டுப் பன்றி பயிரை அழிக்கிறது என்றால் அதைப் பற்றி முடிவெடுக்க வேண்டியதும் வனத்துறைதான், நாம் இல்லை. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்களே, நம் மண்ணில் செய்யக்கூடியது அதுதான். வேட்டை சட்டப்படி நடக்கிற, எத்தனை மிருகம் எடுக்கலாம் என்று அரசே கணக்குப் பார்த்து உரிமம் கொடுக்கிற நாட்டுக்குப் போனால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

தொலைதூர வேட்டை என்றால் என்ன? 100, 150 மீட்டருக்குள் பதுங்கிப் போய்ச் சுடுவதுதான் காலங்காலமாக நடந்த வேட்டை. இப்போது லேசர் வைத்துத் தூரத்தைத் துல்லியமாக அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர், பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப், குண்டு எவ்வளவு தாழும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் செல்போன் செயலி எல்லாம் சாதாரணமாகக் கிடைப்பதால் 500, 700, ஏன் 900 மீட்டரிலிருந்துகூடச் சிலர் சுடுகிறார்கள். எத்தனை மீட்டரிலிருந்து தொலைதூரம் ஆரம்பிக்கிறது என்று எங்கும் வரையறை கிடையாது. தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப், அமெரிக்க வேட்டை அறத்தைப் பற்றி நீண்ட காலமாகப் பேசிவரும் அமைப்பு. அவர்களும் மீட்டர் கணக்கைச் சொல்வதில்லை, சுடுகிறவரின் நோக்கத்தைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். என் துப்பாக்கி எவ்வளவு தூரம் போகும் என்று சோதித்துப் பார்க்க ஓர் உயிரைக் குறியாக வைத்தால் அது வேட்டையே இல்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இதில் 'ஃபேர் சேஸ்' என்று ஒரு கொள்கை இருக்கிறது. அடைத்து வைக்காத, தப்பித்து ஓட வழியுள்ள காட்டு மிருகத்தை, அதற்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்புக் கொடுத்து வேட்டையாடுவது. அலாஸ்காவில் விமானத்தில் பறந்து போனால் அன்றைக்கே பெரும்பாலான பெரிய மிருகங்களைச் சுடக் கூடாது, மறுநாள் அதிகாலை மூன்று மணி தாண்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மேலே இருந்து மிருகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, இறங்கின கையோடு சுட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. சரி, இதைத் தூரத்தோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். எல்க் என்பது நம் ஊர்க் கடமானுக்கு உறவு, வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். அதன் மூக்கும் காதும் கண்ணும்தான் அதற்குப் பாதுகாப்பு. 100 மீட்டருக்குள் போனால் காற்று திசை மாறின உடனே மோப்பம் பிடித்து ஓடிவிடும், சுள்ளி ஒடிந்தால் தலையைத் தூக்கும். 900 மீட்டரில் இந்த மூன்றும் அதற்குப் பெரும்பாலும் உதவாது. அது புல் மேய்ந்துகொண்டே நிற்கும். அந்தத் தூரத்தில் அந்த மிருகத்துக்கு மிச்சமிருக்கிற ஒரே வாய்ப்பு நாம் தவறவிடுவது மட்டும்தான், அதுவும் அரைகுறையாகத் தவறினால் அதற்கு நரகம்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மிரண்டு ஓடுகிற மானை 80 மீட்டரில் நின்றபடி அவசரமாகச் சுடுவதைவிட, 350 மீட்டரில் அமைதியாக மேய்கிற மானைத் தரையில் படுத்து, துப்பாக்கியைப் பையின்மேல் தாங்கி, மூச்சை நிதானப்படுத்திச் சுடுவது மேல் என்கிறார்கள். இது உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் இந்த வாதத்தை வைத்துக்கொண்டே தூரத்தை 350-லிருந்து 500, 500-லிருந்து 800 என்று நீட்டிக்கொண்டே போக முடியாது. அது ஏன் என்பதற்கான பதில் குண்டின் பயணத்தில் இருக்கிறது, இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

மிருகத்தை உடனே சாய்க்கக்கூடிய இடம் சிறியது. முன்சப்பைக்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பாதியில் இதயமும் நுரையீரலும் இருக்கிற பகுதி. மானுக்கு அது குறுக்கே 20, 25 சென்டிமீட்டர்தான், எல்க்குக்கு ஏறத்தாழ 30. அதற்குள் குண்டு பட்டால் சில வினாடிகளில் ரத்த அழுத்தம் விழுந்து மிருகம் சாயும். ஒரு சாண் பின்னால் போனால் குடல். குடலில் பட்ட மிருகம் உடனே சாகாது, மணிக்கணக்கில் துடித்து, எங்கோ புதருக்குள் போய்ப் படுத்துச் சாகும், பெரும்பாலும் யார் கண்ணிலும் படாது. தாடையில் பட்டால் அதைவிடக் கொடுமை, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். தலையைக் குறிவைத்துத் தூரத்திலிருந்து சுடவே கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இப்போது அமெரிக்காவில் பலரும் வைத்திருக்கிற 6.5 கிரீட்மூர் ரக ரைபிளை எடுத்துக்கொள்வோம். எண்களெல்லாம் தோராயம், தோட்டாவுக்குத் தோட்டா மாறும். 300 மீட்டர் போக இந்தக் குண்டுக்கு 0.4 வினாடி ஆகிறது, 500 மீட்டருக்கு 0.7, 800 மீட்டருக்கு 1.3. விசையை அழுத்தினபிறகு அந்த 1.3 வினாடி முழுக்க உங்கள் கையில் ஒன்றும் இல்லை. மேய்கிற மான் ஓர் அடி எடுத்து வைக்க ஒரு வினாடி போதும். ஒலியைவிட வேகமாக வருவதால் சத்தம் கேட்டு அது நகரும் என்று நான் சொல்லவில்லை, அடுத்த புல்லுக்காக நகரும், ஈயை விரட்டத் திரும்பும், அவ்வளவுதான். நீங்கள் நெஞ்சைக் குறிவைத்து விட்ட குண்டு வயிற்றில் போய் நிற்கும். இதைப் பயிற்சியால் சரிசெய்யவே முடியாது. எவ்வளவு பெரிய சுடுநராக இருந்தாலும் மான் எடுத்து வைக்கப்போகிற அடியை அவரால் கணிக்க முடியாது.

அடுத்தது தாழ்வு. 100 மீட்டரில் சரியாகப் படும்படி ஸ்கோப்பை வைத்திருந்தால் 300 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தாழும், 500 மீட்டரில் ஒன்றரை மீட்டருக்கும் மேல். பெரிய எண்ணாகத் தெரிந்தாலும் இது கணக்குக்கு அடங்குகிற விஷயம்தான், தூரம் சரியாகத் தெரிந்தால் செயலி சொல்லிவிடும், ஸ்கோப்பின் திருகைத் திருப்பிக்கொள்ளலாம். தூரம் தவறாகத் தெரிந்தால்தான் ஆபத்து. 500 மீட்டரில் வெறும் 20 மீட்டர் தவறாக எடுத்தாலே 15 சென்டிமீட்டருக்கு மேல் பிசகும். லேசர் ஒளி மானின்மேல் படாமல் பின்னால் இருக்கிற பாறையில் பட்டால் இந்தத் தவறு சாதாரணமாக நடக்கும். அதனால் ஒரு தடவை அளந்ததை நம்பாமல் இரண்டு மூன்று தடவை அளக்க வேண்டும். மலைச்சரிவு என்றால் இன்னொன்றும் உண்டு. மேலிருந்து கீழே 30 டிகிரி சாய்வில் 500 மீட்டர் என்று காட்டினால், தாழ்வைக் கணக்குப் போட வேண்டியது கிடைமட்டத் தூரமான 433 மீட்டருக்குத்தான். நல்ல ரேஞ்ச்ஃபைண்டர்கள் இதைத் தாங்களே கணக்குப் போட்டுத் தருகின்றன, அந்த வசதி முடுக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரமும் கணக்கில் சேரும். ஹூஸ்டனில் கடல்மட்டத்தில் வைத்துச் சரிசெய்த ரைபிளை எடுத்துக்கொண்டு கொலராடோவில் 3,000 மீட்டர் உயரத்துக்குப் போனால் அங்கே காற்றின் அடர்த்தி கால் பங்கு குறைவு. குண்டுக்குத் தடை குறையும், தாழ்வும் குறையும். பழைய அட்டவணையை வைத்துச் சுட்டால் தூரத்தில் குறி மேலே போய்விடும். மலைக்குப் போய் இறங்கின அன்றே ஒரு தடவை இலக்கில் சுட்டுப் பார்த்துச் சரிசெய்துகொள்வது அவசியம், விமானத்தில் போன ஸ்கோப் ஆடியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இதெல்லாம் கருவிக்குக் கட்டுப்படும். கட்டுப்படாதது காற்று. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கிற காற்று இதே குண்டை 100 மீட்டரில் 2 சென்டிமீட்டர்தான் தள்ளும், 300 மீட்டரில் 18, 500 மீட்டரில் 50, 800 மீட்டரில் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். காற்றின் வேகத்தைப் பார்வையால் மதிப்பிடும்போது மணிக்கு 8 கிலோமீட்டர் தப்பாகப் போவது, பழகினவர்களுக்கும் நடக்கிற சாதாரணத் தவறு. அந்தத் தவறால் 300 மீட்டரில் 9 சென்டிமீட்டர் விலகும், நெஞ்சை நடுவில் பிடித்திருந்தால் நுரையீரலுக்குள்தான் படும், மான் சாயும். அதே தவறு 500 மீட்டரில் 25 சென்டிமீட்டர். எல்க்கின் நெஞ்சுப் பகுதியே நடுவிலிருந்து இருபுறமும் 15 சென்டிமீட்டர்தான் என்று சொன்னேன் இல்லையா? குண்டு குடலில். 800 மீட்டரில் 70 சென்டிமீட்டருக்கும் மேல் விலகும், முழுதாகத் தவறினாலும் தவறலாம், பின்தொடையில் பட்டாலும் படலாம், எதுவும் உங்கள் கையில் இல்லை. இதற்கு மேல் ரைபிளுக்கே உரிய சிதறலும் இருக்கிறது. ஒரு மினிட் ஆஃப் ஆங்கிள் என்று கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்கிற துல்லியம் 100 மீட்டரில் 3 சென்டிமீட்டர் வட்டம், அதுவே 500 மீட்டரில் 15 சென்டிமீட்டர் வட்டமாகிவிடும். அதுவும் மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுட்டபோது கிடைத்த துல்லியம், மூச்சிரைக்க மலையேறி வந்து சுடும்போது கிடைப்பது அல்ல.

போன ஐப்பசியில் ஒரு கல்யாண வீட்டு வளவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் கைபேசியில் வீடியோ காட்டினான். உறவில் மருமகன் முறை. "அம்மான், இந்தத் துப்பாக்கி ஆயிரம் கெஜம் அடிக்கும்னு கடையிலயே சொல்றாங்க" என்றான். "துப்பாக்கி அடிக்கும் தம்பி, நீ அடிப்பியா?" என்று கேட்டேன். ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்தில், 600 கெஜத்தில் இரும்புத் தகட்டைத் தொடர்ந்து அடித்திருப்பதாகச் சொன்னான். முதல் குண்டு எங்கே போச்சு என்று கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்து, "முதல் ரெண்டு வெளியே போச்சு, அதைப் பாத்துத் திருத்திக்கிட்டேன்" என்றான். காட்டில் அந்த முதல் இரண்டும் எங்கே பட்டிருக்கும் என்று அவனாகவே யோசித்தான், நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

இதுதான் விஷயமே. ரேஞ்சில் தகட்டை அடிக்கிறவன் முதல் குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்து இரண்டாவதைத் திருத்தலாம். வேட்டையில் அந்த வசதி கிடையாது. குளிர்ந்த குழலிலிருந்து போகிற முதல் குண்டு மட்டும்தான் கணக்கு. அதனால் உங்கள் எல்லையைக் கண்டுபிடிக்க நான் சொல்கிற முறை இது. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள காகிதத் தட்டை 100 மீட்டரில் குத்தி வையுங்கள். மேசையில் உட்காராதீர்கள், காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி, முதுகுப்பையின்மேல் தாங்கிப் படுத்தோ, துப்பாக்கியை மூன்றுகால் தாங்கியில் வைத்து உட்கார்ந்தோ, ஒரே ஒரு குண்டு. அதோடு அன்றைக்கு அந்தத் தூரம் முடிந்தது. வேறொரு நாள், வேறு காற்றில், வேறு நிலையில் மறுபடியும் ஒன்று. பத்தில் ஒன்பது தட்டுக்குள் விழுந்தால் 50 மீட்டர் பின்னால் போங்கள். எந்தத் தூரத்தில் ஒன்பது எட்டாகிறதோ அதற்கு முந்தின தூரம்தான் உங்கள் எல்லை. முதல் வருஷக்காரர்கள் பலருக்கும் இது 200 மீட்டர் பக்கத்தில்தான் நிற்கும், நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். அதுவும் நல்ல நாளின் எல்லை. காற்று அதிகமாக இருந்தால், கை நடுங்கினால், வெளிச்சம் மங்கினால், சாய்ந்துகொள்ள இடம் இல்லாவிட்டால் அதிலிருந்தும் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ரைபிள் கட்டையில் ஒட்டிக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் ஆறு கிளைக் கொம்போடு ஒரு மிருகம் 450 மீட்டரில் வந்து நிற்கும்போது மனசு எல்லாக் கணக்கையும் மறந்துவிடும்.

காற்றைப் படிக்கப் பழக துப்பாக்கி தேவையில்லை, இது எனக்கு ரொம்பப் பிடித்த பயிற்சி. ஆடி மாதம் லீவில் ஊருக்கு வந்திருந்தால் கண்மாய்க் கரைக்குப் போங்கள். கையடக்கக் காற்றுமானி ஒன்று போதும். முகத்தில் காற்று உறைக்கிறது, இலை சலசலக்கிறது என்றால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர். கருவேல மரத்தின் சிறு கிளைகள் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் 12 முதல் 19. செம்மண் புழுதி எழும்பி, கிடக்கிற காகிதம் பறந்தால் 20-ஐத் தாண்டிவிட்டது. முதலில் கண்ணால் பார்த்து மனசுக்குள் ஒரு எண் சொல்லிக்கொள்ளுங்கள், அப்புறம் மானியைப் பாருங்கள். பத்து நாள் இப்படிச் செய்தாலே உங்கள் கணிப்பு எவ்வளவு தப்பாகப் போகிறது என்பது தெரிந்துவிடும். எதிர்க்கரைப் பனை ஓலை ஒரு திசையில் ஆடும், நீங்கள் நிற்கிற இடத்தில் காற்றே இருக்காது. கண்மாய் நடுவில் தண்ணீரின் அலை வேறு திசை காட்டும். கொலராடோவில் ஒரு பள்ளத்தாக்குக்குக் குறுக்கே சுடுவது என்றால் இதே சிக்கல் இன்னும் பெரிதாக இருக்கும், கையில் பிடித்திருக்கிற மானி உங்கள் இடத்துக் காற்றை மட்டும்தான் சொல்லும், நடுவில் அடிக்கிற காற்றைச் சொல்லாது.

உடம்பும் தயாராக வேண்டும். சமவெளியில் வாழ்ந்த உடம்பு 3,000 மீட்டரில் பத்து எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். நெருங்கிப் போக உடம்பில் தெம்பில்லாததால்தான் பலர் தூரத்திலிருந்து சுடுகிறார்கள், இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 700 மீட்டரில் நிற்கிற எல்க்கை நோக்கி, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, மேட்டின் மறைவில் சுற்றி ஒரு மணி நேரம் நடந்தால் 250 மீட்டருக்குப் போய்விடலாம். அந்த ஒரு மணி நேரம்தான் வேட்டை. ஊரில் இருக்கும்போது முதுகில் 15, 20 கிலோவை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் பிரான்மலை ஏறி இறங்குங்கள், ஏறின கையோடு நாடி எவ்வளவு துடிக்கிறது, எத்தனை நிமிஷத்தில் அடங்குகிறது என்று பாருங்கள். நாடி அப்படி அடங்கும்வரை விசையில் விரலை வைக்கக் கூடாது.

தோட்டா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்டிக்கான குண்டு வேறு, வேட்டைக்கான குண்டு வேறு. வேட்டைக் குண்டு உள்ளே போய் விரிய வேண்டும், விரிவதற்கு அதற்குக் குறைந்தபட்ச வேகம் வேண்டும். பல குண்டுகளுக்கு அது வினாடிக்கு 550 மீட்டர் அளவில் இருக்கும், தயாரிப்பாளரே போட்டிருப்பார். அந்த வேகத்துக்குக் கீழே போகிற தூரத்தில் குண்டு நெஞ்சில் பட்டாலும் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும். ஆக, உங்கள் திறமை 600 மீட்டர் என்றாலும் குண்டின் எல்லை 500 என்றால் 500-தான் எல்லை. கலிபோர்னியாவில் இருப்பவர்கள் கவனிக்க: 2019 ஜூலை 1 முதல் அங்கே ஈயக் குண்டில் வேட்டையாடவே கூடாது, செம்புக் குண்டுதான்.

மிருகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எந்தத் தூரத்திலும் சுடக் கூடாது. பெரிய ரைபிள் குண்டு தடையில்லாமல் போனால் நான்கைந்து கிலோமீட்டர் போகும். 2021 டிசம்பர் 30 அன்று நம் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில், நார்த்தாமலை அருகே துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு ஊருக்குள் வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்து, சில நாளில் அந்தப் பிள்ளை இறந்துபோனான். பயிற்சித் தளத்திலேயே அப்படி என்றால் திறந்த வெளியில் எவ்வளவு கவனம் வேண்டும்? மலை முகட்டில் வானத்துக்கு எதிராக நிற்கிற மிருகத்தைச் சுடவே கூடாது, குண்டை வாங்கிக்கொள்ள அதற்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். பின்னால் இன்னொரு மான் நின்றாலும் காத்திருக்க வேண்டும்.

சட்டப் பக்கம் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது விசாவில். எச்1பி, எஃப்1 மாதிரி குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதையே அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது. செல்லுபடியான வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. நண்பனுடைய துப்பாக்கிதானே, சும்மா ரேஞ்சில் ஒரு தடவை சுட்டுப் பார்ப்போம் என்று உரிமம் இல்லாமல் வாங்கிப் பார்ப்பதுகூடச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம், குடியேற்ற விண்ணப்பத்தையே பாதிக்கும். முதலில் உரிமம், அப்புறம்தான் துப்பாக்கியைத் தொடுவது, சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் உரிமம் வாங்க முடியாது. அந்த வகுப்பைக் கடமைக்குப் போய் உட்காராமல் கவனமாகக் கேளுங்கள், நான் இங்கே எழுதியிருப்பதில் பாதி அங்கே சொல்லித் தருவார்கள். கொலராடோவில் ரைபிள் பருவத்தில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை, அதே நிறத்தில் தொப்பி, இரண்டும் கட்டாயம்.

சுட்டபிறகு செய்ய வேண்டியதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் தொலைதூரத்தில் அதுதான் கடினம். 500 மீட்டர் தள்ளிப் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் நின்ற மிருகம் குண்டு பட்டதும் மரங்களுக்குள் ஓடி மறைகிறது. நீங்கள் இறங்கி ஏறி அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகலாம், போய்ச் சேர்ந்தபின் எந்தப் புதர் எந்தப் பாறை என்றே தெரியாது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அதனால் இருந்த இடத்தை விட்டு எழுவதற்கு முன்பே அந்த இடத்தைக் கைபேசியில் படம் எடுத்து, திசைகாட்டியில் கோணம் பார்த்து, தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நண்பர் ஒருவர் தொலைநோக்கியோடு அங்கேயே இருந்து உங்களுக்கு வழி சொல்லட்டும். மிருகம் விழாமல் ஓடிவிட்டது, ஆகவே தவறிவிட்டது என்று ஒருபோதும் முடிவு கட்டாதீர்கள். நுரையீரலில் பட்ட மான்கூட அந்தச் சில வினாடிகளில் 50, 100 மீட்டர் ஓடிவிட்டு விழலாம்.

ரத்தம் சொல்லும். நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்துப் போனால் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சையாக, சாணி வாடையோடு இருந்தால் குடல், ஆறு எட்டு மணி நேரத்துக்கு முன்னால் போகவே கூடாது, போனால் படுத்த மிருகம் எழுந்து இன்னும் தூரம் ஓடும், அப்புறம் கிடைக்காது. மோப்ப நாயை வைத்துத் தேட அனுமதி உள்ள மாநிலமா என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிவிட்டாலும், மறுநாள் மழை பெய்தாலும் தேட வேண்டும். தேடியும் கிடைக்கவில்லை என்றால், காயம்பட்டது உறுதி என்றால், உங்கள் உரிமம் அன்றோடு தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். பல இடங்களில் சட்டம் இதைக் கட்டாயப்படுத்துவதில்லை, நீங்களாகத்தான் செய்ய வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் என்னோடு ஒத்துப்போகாதவர்களோடு நான் வேட்டையைப் பற்றியே பேசுவதில்லை.

பொழுது சாயும்போது சுடுவதைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். சூரியன் மறைய அரை மணி இருக்கும்போது பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் சுட்டால், இருட்டில் தேடி, இருட்டில் அறுத்து, இருட்டில் சுமக்க வேண்டும். எல்க்கிலிருந்து எலும்பு நீக்கிய கறியே 80, 100 கிலோ வரும், முதுகில் சுமந்து நாலைந்து நடை நடக்க வேண்டும். கறியைக் காட்டில் விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்து வருவது கொலராடோ, அலாஸ்கா உட்படப் பல மாநிலங்களில் குற்றம். தோலை உரித்துச் சூட்டை உடனே இறக்காவிட்டால் பெரிய தொடைக்கறி எலும்பை ஒட்டிக் கெட்டுப்போகும், குளிர்ப் பிரதேசம்தானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

கறியைச் சமைப்பதற்கு முன் நோய்ச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். மான் இனங்களுக்கு மூளையைத் தாக்கும் சிடபிள்யூடி என்றொரு தீரா நோய் 1967-இல் கொலராடோவில்தான் முதன்முதலில் கண்டறியப்பட்டது, இப்போது பல மாநிலங்களில் இருக்கிறது. மனிதருக்குப் பரவியதாக நிரூபணம் இல்லை, ஆனாலும் நோயுள்ள மிருகத்தின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள். தலையையோ கழுத்து நிணநீர்க் கணுவையோ மாநில வனவிலங்குத் துறையிடம் கொடுத்தால் சோதித்துச் சொல்வார்கள். முடிவு வரும்வரை கறி உறைபெட்டியில் இருக்கட்டும். முடிவு நல்லபடியாக வந்தால் நம் வீட்டு உப்புக்கறி முறையே எல்க்குக்கு நன்றாகப் பொருந்தும், ஆனால் இந்தக் கறியில் கொழுப்பே கிடையாது, ஆட்டுக்கறிக்கு விடுவதைவிட நல்லெண்ணெய் கூடுதலாக விட்டு, சின்ன வெங்காயத்தையும் தாராளமாகப் போட்டு, சிறு தீயில் வேக வையுங்கள்.